நர்ஸ் என்று எழுதியிருக்கிறதே, எந்த நர்ஸ்?

இங்கிலாந்தில் எனக்கு மூதாதையர் என்று யாரும் கிடையாது. ஆனாலும் இந்த நாட்டின் பழைய சென்சஸ் ஏடுகளைப் புரட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆரம்பித்துவைத்தவர் பக்கத்து வீட்டு அம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்ப வரலாற்றைத் தோண்ட உட்கார்ந்தவர். பழைய சாய்வெழுத்தைப் படிக்க அவருக்குக் கண் ஒத்துழைக்கவில்லை, எனக்கு அது ஓரளவு வரும். அப்படித்தான் சேர்ந்துகொண்டேன். அவருடைய கொள்ளுப்பாட்டியின் தாயார் 1881 ஏட்டில் ‘நர்ஸ்’ என்று பதிவாகியிருந்தார். கூடவே குடும்பத்தில் ஒரு கதையும் இருந்தது: புளோரன்ஸ் நைட்டிங்கேலிடம் நேரில் பயிற்சி பெற்றவராம்.

இங்கே பல குடும்பங்களில் இப்படி ஒரு கதை உலவுகிறது. நம்மூரில் தாத்தா காந்தியோடு ஜெயிலில் இருந்தார் என்பார்களே, அந்த ரகம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1860ல். முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். பள்ளியை நடத்தியவர் அந்த மருத்துவமனையின் தலைமைச் செவிலி சாரா வார்ட்ரோப்பர். நைட்டிங்கேல் அப்போது உடல்நலம் குன்றி வீட்டோடு இருந்தபடி கடிதங்கள் வழியாகத்தான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். ‘நேரில் பயிற்சி’ என்பதற்கு இடமே குறைவு.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 1851 சென்சஸில் பிரிட்டன் முழுவதும் தொழில்முறை நர்ஸ்கள் என்று பதிவானவர்கள் 25,466 பேர். வீட்டு வேலையில் இருந்த நர்ஸ்கள் 39,139 பேர். மருத்துவச்சிகள் 2,822 பேர். இந்த எண்களை நைட்டிங்கேலே தன் ‘செவிலியர் குறிப்புகள்’ நூலின் பின்னிணைப்பில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பள்ளி தொடங்குவதற்கு ஒன்பது வருஷம் முன்பே அறுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த நாட்டில் நர்ஸ்கள்! அவர்களில் எந்த மருத்துவமனையின் வாசலையும் மிதிக்காதவர்களே மிகுதி.

அதே பின்னிணைப்பில் அவர் சுட்டிக்காட்டும் இன்னொரு எண் என்னை நிறுத்திவைத்தது. வீட்டு நர்ஸ்கள் 39,139 பேரில் 18,122 பேர் 5 வயதுக்கும் 20 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். கிட்டத்தட்டப் பாதி. அதாவது, குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவளே பல வீடுகளில் குழந்தை. ஆகவே ஏட்டில் நர்ஸ் என்று கண்டதும் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் வயதை. பதினொன்று, பன்னிரண்டு என்றிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அவள் பிள்ளை பார்க்க வந்தவள். பணக்கார வீடானால் இதிலேயே படிநிலை உண்டு: தலைமை நர்ஸ், அவளுக்குக் கீழ் உதவி நர்ஸ், அதற்கும் கீழ் நர்சரி மெய்ட். நடுத்தர வீட்டில் ஒரே பெண் காலையில் அடுப்பும் மூட்டுவாள், மதியம் குழந்தையையும் தூக்குவாள்; கணக்கெடுக்க வந்தவருக்கு எது முதலில் கண்ணில் பட்டதோ அது தொழில். 1880ல் பத்து வயது வரை பள்ளிக்குப் போவது கட்டாயமான பிறகு இந்தச் சின்னஞ்சிறு நர்ஸ்கள் ஏட்டில் மெல்லக் குறைகிறார்கள்.

சரி, வயது ஐம்பது என்றிருந்தால்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

பக்கத்து வீட்டு அம்மாவின் அந்த மூதாதைக்கு 1881ல் வயது 52. மணமானவர். தெற்கு லண்டனில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் இருக்கிறார், அங்கே உறவு என்ற கட்டத்தில் ‘வேலையாள்’. அந்த வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு வேலைக்காரப் பெண், அப்புறம் இன்னும் பெயர் வைக்காத ஒரு குழந்தை. குழந்தையின் வயது: 6 நாள். இதைப் படித்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இவர் ‘மன்த்லி நர்ஸ்’. பிள்ளை பெற்றவளோடு ஒரு மாதம் தங்கி, பச்சை உடம்புக்காரிக்கும் சிசுவுக்கும் வேண்டியதைப் பார்த்துவிட்டு, மாதம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகிற பெண். நம் வீடுகளில் அம்மாவும் அத்தையும் சேர்ந்து செய்கிற வேலையை அங்கே வசதியுள்ளவர்கள் கூலி கொடுத்துச் செய்துகொண்டார்கள். லண்டனில் சில பிரசவ மருத்துவமனைகள் இதற்கென்றே பயிற்சியும் கொடுத்தன. குயின் ஷார்லட் மருத்துவமனை அவற்றில் ஒன்று. ஆனால் பெரும்பாலான பெண்கள் நாலைந்து பெற்று வளர்த்த அனுபவத்தை மட்டும் முதலாக வைத்துத் தொழிலுக்கு வந்தவர்கள்தான். அதே தெருவில் யாராவது இறந்தால் உடலைக் குளிப்பாட்டி உடுத்திக் கிடத்துவதற்கும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். அந்த வேலை ஏட்டில் அபூர்வமாகத்தான் ஏறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சென்சஸ் என்பது ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை இரவில் யார் எந்தக் கூரையின் கீழ் தூங்கினார்கள் என்ற கணக்கு. 1881ல் அது ஏப்ரல் 3. அன்று இரவு வேறு வீட்டில் தங்கிய மன்த்லி நர்ஸ் தன் வீட்டுக் கணக்கில் வரமாட்டார். இந்த அம்மையாரின் கணவர் கப்பல்துறைக் கூலி. இரண்டு மகன்களோடு வேறொரு தெருவில் பதிவாகியிருக்கிறார், ‘மணமானவர்’ என்று, மனைவியைக் காணோம். உறவுக்காரர் ஒருவர் முன்பே வரைந்து வைத்திருந்த குடும்ப மரத்தில், அந்த மனைவி 1881க்கு முன் இறந்துவிட்டதாகப் போட்டிருந்தது. இன்னொரு கிளையில் அவர் கணவனை விட்டு ஓடிவிட்டதாகப் பேச்சு. பாவம், அவர் வேலைக்குப் போயிருந்தார்.

உறுதி செய்ய, முன்னும் பின்னும் பத்துப் பத்து வருஷம் போய்ப் பார்க்க வேண்டும். 1871ல் அவர் வீட்டோடு இருக்கிறார், தொழில் கட்டம் காலி. 1891ல் கைம்பெண், மகன் வீட்டில் இருக்கிறார், தொழில் கட்டத்தில் ‘மன்த்லி நர்ஸ்’ என்றே எழுதியிருக்கிறது. கதை முடிந்தது. நைட்டிங்கேல் போய்விட்டாரே என்று பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு அந்த வருத்தத்தில் உடன்பாடில்லை. அன்று பெரும்பாலான குழந்தைகள் பிறந்தது வீட்டில். அதை ஏற்று நடத்திய பெண்களைக் குடிகாரக் கிழவிகளாகச் சித்திரித்தவர்களில் நாவலாசிரியர்களும் உண்டு, பிரசவத் தொழிலைத் தங்கள் கைக்குள் கொண்டுவர விரும்பிய மருத்துவர்களும் உண்டு. இவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு நாம் ஏன் நம் பாட்டிகளைப் பற்றி வெட்கப்பட வேண்டும்?

நர்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சில ஏடுகளில் எஸ்.எம்.எஸ். என்று மூன்றெழுத்து இருக்கும். முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டேன். அது துணை மருத்துவச் சேவை என்பதன் சுருக்கம். தொழில்களை வகை பிரித்து எண்ணிய குமாஸ்தாக்களுக்கு நோயாளி பார்க்கிற நர்ஸ் வேறு, பிள்ளை பார்க்கிற நர்ஸ் வேறு. இரண்டாவதுக்கு ‘டொம்’ என்ற சுருக்கம், வீட்டு வேலை என்று பொருள். இப்படிக் குறிப்பு இருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் அதே குமாஸ்தாக்கள் எண்ணும்போது பென்சிலால் குறுக்கே கோடு இழுத்துக்கொண்டே போயிருப்பார்கள், கீழே இருக்கும் சொல் தெரியாது. நாம் இன்று கணினியில் தேடுவது இந்தக் கோடுகளுக்கு நடுவே யாரோ ஊகித்து எழுதிய பட்டியலைத்தான். 1901 வரையிலான ஏடுகள் வீட்டார் நிரப்பிய படிவங்களைப் பார்த்துக் கணக்கெடுப்பாளர் படியெடுத்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அசல் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ‘நர்சரிமேன்’ என்று ஓர் ஆண் வந்தால் அவர் செடி வளர்த்து விற்பவர். அவரை ஆண் செவிலியர் ஆக்கிவிட்ட குடும்ப மரத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

இருபது முப்பது வயதில் இருக்கும் மணமான அல்லது கணவனை இழந்த பெண், வசதியான வீட்டில் கைக்குழந்தை, ஆனால் அவளுடைய சொந்தப் பிள்ளை கூட இல்லை என்றால், தாய்ப்பால் கொடுக்க வந்த நர்ஸாக இருக்கலாம். அவள் பிள்ளை எங்கே? பெரும்பாலும் வேறு எங்கோ, ‘நர்ஸ் சைல்ட்’ என்ற பெயரில். இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஐந்து வயதுப் பிள்ளை நர்ஸ் வேலை பார்த்ததா என்று கேட்கிறவர்கள் உண்டு. காசு கொடுத்து வளர்க்க விடப்பட்ட குழந்தை என்பது அதன் பொருள். பாட்டியிடம் விடப்பட்டவையும் உண்டு, முன்பின் தெரியாதவரிடம் வாரக்கூலிக்கு விடப்பட்டவையும் உண்டு. லண்டன் பவுண்ட்லிங் மருத்துவமனை, கைவிடப்பட்ட சிசுக்களைக் கென்ட், சர்ரே போன்ற பகுதிகளின் கிராமத்துப் பெண்களிடம் வளர்க்க அனுப்பி, ஐந்து வயதுவாக்கில் திரும்ப அழைத்துக்கொள்ளும். அந்தக் கிராமங்களின் ஏட்டில் கூலிக்காரர் வீடுகளில் சம்பந்தமே இல்லாத குடும்பப்பெயரோடு ஒரு குழந்தை இருந்தால் இதையும் யோசிக்கலாம்.

இதன் இருண்ட பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு குழந்தைகளை எடுத்துப் பட்டினி போட்டுச் சாகவிட்டவர்கள் இருந்தார்கள். மார்கரெட் வாட்டர்ஸ் என்பவர் 1870ல் தூக்கிலிடப்பட்டார். அதன் பின்தான் 1872ல், ஒரு வயதுக்குட்பட்ட ஒன்றுக்கு மேற்பட்ட சிசுக்களைக் கூலிக்கு வளர்ப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. 1896ல் தூக்கிலிடப்பட்ட அமீலியா டையர் நர்ஸ் பயிற்சி பெற்றவர். இதற்காக ‘நர்ஸ் சைல்ட்’ இருந்த ஒவ்வொரு வீட்டையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தை பத்து வருஷம் கழித்து அதே வீட்டில் ‘மகன்’ என்றோ ‘வளர்ப்பு மகள்’ என்றோ பதிவாகியிருப்பதும் நடக்கிறது. அப்படி ஒன்றைக் கண்டால் எனக்கு அன்றைய தினம் நன்றாகப் போகும்.

நிறுவனங்களின் பக்கங்கள் வேறு மாதிரி. மருத்துவமனை, மனநலக் காப்பகம், ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழை விடுதி இவற்றில் முதலில் அதிகாரிகளும் ஊழியர்களும், அப்புறம் உள்ளே இருப்பவர்கள். ஒர்க்ஹவுஸ் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு நேரே நர்ஸ் என்றிருந்தால் அவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். உள்ளிருப்பவர்களின் பட்டியலில் இருந்தால், அது அவர் முன்பு செய்த தொழிலாக இருக்கலாம். அல்லது அங்கேயே நோயாளிகளைக் கூலியில்லாமல் பார்த்துக்கொண்ட ஏழைப் பெண்ணாக இருக்கலாம். நீண்ட காலம் ஒர்க்ஹவுஸ் நோயாளிகளுக்கு அங்கிருந்த மற்ற ஏழைகள்தான் செவிலியர். லிவர்பூலின் பிரௌன்லோ ஹில் ஒர்க்ஹவுஸில் 1865ல் ஆக்னஸ் ஜோன்ஸ் பயிற்சி பெற்ற பன்னிரண்டு செவிலியரோடு போய் அதை மாற்றத் தொடங்கினார், மூன்று வருஷத்தில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். உள்ளிருப்பவர்களை நர்ஸாக அமர்த்தக்கூடாது என்ற அரசாணை வர 1897 ஆகிவிட்டது.

அதே ஒர்க்ஹவுஸில் ‘மேட்ரன்’ என்று ஒருவர் இருப்பார். பெயரைப் பார்த்துத் தலைமைச் செவிலி என்று எழுதிவிடாதீர்கள். பல இடங்களில் அவர் விடுதித் தலைவரின் மனைவி. சமையலும் துணியும் பெண்கள் பகுதியும் அவர் பொறுப்பு. மருத்துவமனையில் ‘சிஸ்டர்’ என்றால் வார்டின் பொறுப்பாளர், பெயருக்குப் பதிலாக வார்டின் பெயரால் அழைக்கப்பட்டவர்களும் உண்டு. இருபத்து மூன்று வயதில், மணமாகாமல், ‘புரொபேஷனர்’ என்று ஒரு பெண் இருந்தால் அவள் பயிற்சி பெறுகிறவள். பக்கத்து வீட்டு அம்மா தேடியது இந்த மாதிரி ஆளை. மனநலக் காப்பகத்தில் ஆண்களும் பெண்களும் ‘அட்டென்டன்ட்’. நோயாளிகளின் பெயருக்குப் பதில் சில ஆண்டுகளில் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும், அதனால் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

காலியான கட்டங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1841 கணக்கில், மனைவியின் தொழிலையும், கூலி வாங்காமல் பெற்றோருக்கு உதவும் பிள்ளைகளின் தொழிலையும் எழுதத் தேவையில்லை என்றே அறிவுறுத்தல் இருந்தது. பின்னால் விதிகள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. படுத்த படுக்கையான மாமியாரை எட்டு வருஷம் பார்த்தவள் எந்த ஏட்டிலும் நர்ஸ் ஆகவில்லை. 1911ல்தான் முதல் முறையாக வீட்டார் தங்கள் கைப்பட எழுதிய படிவங்களே நமக்குக் கிடைக்கின்றன. அங்கேயும் எழுதியது பெரும்பாலும் கணவன் கைதான்.

இவ்வளவு ஏடுகளுக்கு நடுவில் எனக்கு நெருக்கமான ஓர் ஆள் கூட்டமும் உண்டு: ஆயாக்கள். இந்தியாவிலிருந்து திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் கூட்டிவந்தன. இறங்கியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டவர்கள் பலர். திரும்பிப் போகும் குடும்பம் ஒன்று கிடைக்கும் வரை அந்தப் பெண்கள் தங்க லண்டனில் ஒரு விடுதி இருந்தது. ஆல்ட்கேட்டில் இருந்தது 1900ல் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26ஆம் எண்ணுக்கு மாறியது. 1921ல் அதே தெருவில் 4ஆம் எண்ணுக்கு. 26ஆம் எண் வீட்டுக்கு 2022ல், வரலாற்றுச் சிறப்புள்ள வீடுகளுக்கு இங்கே வைக்கும் நீலப் பலகையை வைத்தார்கள். கப்பல் பயணிகள் பட்டியல்களில் இவர்களுக்குப் பெயரே இருக்காது, ‘இன்ன துரைசானியின் ஆயா’ என்பதோடு சரி. சென்சஸில் பிறந்த இடம் என்ற கட்டம் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். மதராஸ் என்று பார்த்ததும் தமிழ்ப் பெண் என்று துள்ளிவிடவும் கூடாது. அன்றைய மதராஸ் மாகாணம் எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும்; தெலுங்குக்காரராகவோ மலையாளியாகவோ இருக்கலாம். பிறந்த ஊரின் பெயர் எழுதியிருந்தால் ஒழிய நான் எதுவும் சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் வழி சுலபமாகிறது. 1902ல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. 1905 முதல் சான்றில்லாதவர் மருத்துவச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதனால், 1901ல் மருத்துவச்சி என்று இருந்த ஒரு பெண் 1911ல் வெறும் நர்ஸ் ஆகியிருந்தால் அவர் தொழிலை மாற்றினார் என்று அவசரப்பட்டு எண்ண வேண்டாம், பெயரை மட்டும் மாற்றியிருக்கலாம். பதிவு செய்தவர்களின் பட்டியல் அச்சில் வந்தது, அதில் தேடிப் பார்க்கலாம். செவிலியருக்கு 1919ல் சட்டம், 1921ல் பதிவேடு. ஆண் செவிலியருக்கும் மனநலச் செவிலியருக்கும் அதில் தனித்தனிப் பகுதிகள். எங்கே பயிற்சி பெற்றார் என்பதும் அதில் இருக்கும், சென்சஸ் ஒருபோதும் சொல்லாத விஷயம் அது. 1921 சென்சஸ் யாரிடம் வேலை, எங்கே வேலை என்று முதல் முறையாகக் கேட்கிறது. நர்ஸ் என்பதற்குப் பக்கத்திலேயே மருத்துவமனையின் பெயர் வந்துவிடும்.

அதற்கப்புறம் பெரிய பள்ளம். 1931 கணக்கின் ஏடுகள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின, 1941ல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. இடையில் இருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த போர்க்காலப் பதிவேடு. அதில் பக்கத்தின் ஓரத்தில் செஞ்சிலுவை, போர்க்காலச் செவிலியர் படை என்று குறிப்புகள் இருக்கும். வீட்டு வேலை என்று எழுதிய பெண்ணுக்கு நேரே கூட இருக்கும், அதனால் ஓரத்தை வெட்டாத படத்தைத் திறக்க வேண்டும். இந்தப் பதிவேட்டைத் தேசியச் சுகாதாரச் சேவை பல பத்தாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியதால், பின்னால் மணமான பெண்களின் புதுக் குடும்பப்பெயரை வேறு மையில் மேலே எழுதியிருப்பார்கள். மணமானதும் மருத்துவமனை வேலையை விட வேண்டியிருந்த காலம் அது. ஓர் இளம் செவிலி எந்தப் பெயரில் காணாமல் போனார் என்று தேடுகிறவர்கள் முதலில் அந்த மையைப் பார்க்கலாம்.